மாற்று எஞ்சினும் ஒரு சஹன் சோறும்

“மச்சான், ஜீப்பு ஒண்டு பாத்து வெச்சிரிக்கன். எஞ்சின் மாத்தின ஜீப்பு. நீ வந்து பாத்துச் சொன்னாத்தான் வாங்குவன்.”

கல்முனையிலிருந்து ஜவாஹிர் இப்படிப் போனில் சொன்னபோது நான் போடிமெட்டு ஏற்றத்தில் இருந்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் வண்டி நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பை ஓரம் கட்டிவிட்டுப் பேசினேன். “எஞ்சின் மாத்துனதா? வேணாம்டா” என்று முதல் சொல்லாகச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. எங்கள் ஊரில் எஞ்சின் மாற்றாத ஜீப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வண்டிக்குள் இன்னொரு வண்டியின் உயிரை வைத்தால் என்னென்ன கோளாறு வரும் என்று ராத்திரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

“வேணாமெண்டா நான் திரும்பக் கட்டாருக்குப் போகணும் மச்சான்” என்றான் அவன். “கம்பனி கூப்பிர்றான். இந்தக் கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். ஜீப்பு சரி வந்தா ஊரிலயே வாடகைக்கு, ஹயர் ஓடுவன். சரி வராட்டி பிளேன் ஏறுறதுதான்.”

ஜவாஹிரும் நானும் கத்தாரில், தோஹாவில், ஒரே கம்பெனியில் வண்டி ஓட்டினோம், ஒரே அறையில் படுத்தோம். அவன் மகள் பிறந்ததும், முதலில் நடந்ததும், வாப்பா என்று சொன்னதும் எல்லாம் போன் திரையில்தான். அறையில் இருந்த நாங்களும் எட்டிப் பார்த்தோம். அப்படிப்பட்டவன் இன்னொரு முறை பிளேன் ஏறக்கூடாது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். “நம்ம வண்டிக்கு பிரேக் பாக்க நேரமில்ல, சிலோனுக்குப் போயி ஜீப்பு பாக்கப் போறாராம்” என்று என் மனைவி சொன்னாள். சொல்லிக்கொண்டே பெட்டியில் சட்டைகளை அடுக்கினாள்.

கல்முனைக்குப் போன பஸ்ஸில் நான் செய்த முதல் காரியம் தூங்கியது. கண் விழித்தபோது வெளியே பலகையில் காரைதீவு என்று இருந்தது. “கல்முன போயிற்றே அண்ணன்! எத்தின தரம் கத்தின நான்!” என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இறக்கிவிட்ட இடத்தில் ஓர் ஆட்டோ கிடைத்தது. ஓட்டுகிறவர் நான் இந்தியா என்று முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். ஆட்டோ சட்டென்று வேகம் குறைந்தது.

“எஞ்சின் மாத்தினதா? கவனம் அண்ணன். என்ட மச்சினன் ஒருத்தன் வாங்கினான். அவன் ஜீப்புல ஏறினதவிட ஜீப்பு அவன்ட தோள்ல ஏறினதுதான் கூட.”

ஒரே நீளச் சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பள்ளிவாசல் பின்னால் போனால் சற்றுத் தூரத்தில் ஒரு கோயில் வருகிறது. மலைக்காரனான எனக்கு உறுத்தியது ஒன்றுதான். எங்கும் ஒரு மேடுகூட இல்லை. இந்தத் தட்டை நிலத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் எதற்கு? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஜவாஹிர் பிறந்தது மருதமுனை, வாழ்வது கல்முனையை ஒட்டி, மனைவி தாஹிராவின் ஊரான நற்பிட்டிமுனையில். எங்கள் பக்கம் ஒருவன் மாமியார் வீட்டில் போய் இருந்தால் வீட்டோட மாப்பிள்ளை என்று ஊரே சிரிக்கும். இங்கே எல்லோரும் வீட்டோட மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுக்கு, சீதனமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தாஹிராவுக்கு வீட்டோடு உள்நாட்டுப் பக்கம் கொஞ்சம் வயலும் உண்டு. ஆகவே அந்த வீட்டில் கடைசிச் சொல் யாருடையது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வாங்க காக்கா, இரிங்க” என்றார் தாஹிரா. போடியில் என்னைக் காக்கா என்று கூப்பிட்டவன் முழுப் பல்லோடு வீடு திரும்பமாட்டான். இங்கே அது அண்ணன் என்று தோஹாவிலேயே பழகியிருந்ததால் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிட்டும் மீன் ஆணமும் வந்தன. ஆணம் என்பது நம் குழம்பு. பிறகு எருமைத் தயிர், சட்டியோடு. கவிழ்த்தாலும் விழாத தயிர் அது. பக்கத்தில் ஜவாஹிரின் மகள் அவன் மடியில் உட்கார்ந்துகொண்டு அவன் தாடியையும் காதையும் அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் ஜவாஹிர் தன் திட்டத்தைச் சொன்னான். மழைக் காலம் தொடங்கிவிட்டால் உள்ளே இருக்கிற வட்டைகளுக்கு, அதாவது ஒரே வாய்க்காலில் பாயும் பெரிய வயல்வெளிகளுக்கு, லொறி போகாது. விதைநெல், உரம், டீசல், ஆட்கள், காய்ச்சல்காரர்கள் என்று ஏற்றி இறக்க நாலு சக்கர ஜீப் ஒன்று இருந்தால் ஓயாத வேலை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் ஜீப்புக்கு எதிரி ஏற்றம். இவர்களுக்குச் சேறு.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் புத்தம் புது வெள்ளைச் சாரம், நம் லுங்கிதான், இருந்தது. விருந்தாளிக்கு அவர்கள் கொடுத்தது. கட்டாமல் இருப்பது மரியாதை இல்லை. கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பச்சை ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து அதன் சொந்தக்காரர் இறங்கினார். சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருக்கும் ஹாஜியார் அவர். உருவம் பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

“இந்தியாவில இரிந்து வாகனம் பாக்க ஆள் வந்திரிக்கா? மாஷா அல்லாஹ்! பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. நான் ஒண்டையும் ஒளிச்சு வெக்கல்ல.”

அவர் ஒளிக்கவில்லை. எஞ்சின் மாற்றிய வண்டியென்றால் எல்லோரும் முதலில் பயப்படுவது பத்திரத்துக்கு. பத்திரத்தில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருந்தால் பொலிஸ் மறித்த இடத்தில் வண்டி நின்றுவிடும், இன்சூரன்ஸ்காரரும் கையை விரித்துவிடுவார். இந்த வண்டியில் எஞ்சின் மாற்றியதை முறைப்படி பதிந்திருந்தார்கள். எண்கள் ஒத்துப்போயின. மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் ஏதோ வேனின் டீசல் எஞ்சின். புகை சுத்தம். தண்ணீர் கொதிக்கவில்லை. கடற்கரைச் சாலையில் மருதமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. கனம் கூடிய எஞ்சின் என்பதால் முன்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்க வேண்டும், ஜீப் வாங்குகிறவன் வயிற்றைப் பார்க்க வேண்டும். புதுச் சாரத்தைத் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு குனிந்தேன். எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி, அதை சம்ப் என்பார்கள், முன் அச்சை மோதிவிடும் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பொருந்தாத எஞ்சினைப் பொருத்தினால் வருவது இதுதான். அந்த இடைவெளியில் முன் அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு சுழல வேண்டும். அதற்கு அங்கே இடம் எங்கே? மல்லாந்து படுத்து உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

படுக்க விட்டால்தானே! “சோறு ரெடி, வாங்க” என்று உள்ளேயிருந்து தாஹிராவின் குரல் வந்தது. ஹாஜியார் என் கையைப் பிடித்துத் தூக்கினார். “வாங்க தம்பி, சோத்தக் காக்க வெக்கக்கூடா. ஜீப்பு எங்கயும் ஓடாது.”

கூடத்தில் பாய் விரித்து நடுவில் சஹன் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் அண்டா மூடியளவு பெரிய தட்டு. நெய்ச்சோறு மலையாகக் குவிந்திருந்தது. மேலே கோழி, ஓரத்தில் கத்தரிக்காய், அன்னாசி, பக்கத்துக் கிண்ணத்தில் வட்டிலப்பம் என்ற இனிப்பு. ஆளுக்கொரு இலை கிடையாது. ஹாஜியாரும் ஜவாஹிரும் நானும் அந்த ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். பிஸ்மி சொல்லிக் கைவைத்தார்கள், நான் முருகா என்று கைவைத்தேன். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் உண்ண வேண்டும். ஆனால் நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். ஹாஜியார் கோழித் தொடையை என் பக்கம் தள்ளினார். நான் ஜவாஹிர் பக்கம் தள்ளினேன். அது மறுபடி ஹாஜியாரிடமே போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

ஹாஜியார் கை கழுவிவிட்டுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனதும் நான் ஜவாஹிரைப் பிடித்துக்கொண்டேன். “அடியில பாக்கணும்டா. எனக்கு முன் ஷாஃப்ட் மேல சந்தேகம்.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. “இனி ஏலா மச்சான்.”

“என்னடா முடியாது?”

“ஒரு சஹன்ல கை வெச்சிட்டம். இனி அவர்ட சாமானுக்குக் குற சொன்னா, அந்தச் சோத்துக்குக் குற சொன்ன மாதிரி. எப்பிடி மச்சான் சொல்ற?”

எனக்கு வந்ததே கோபம். “அப்ப சோத்த எதுக்குடா முதல்ல போட்டீங்க? எங்க ஊர்ல வண்டியப் பாத்து, ஓட்டி, சண்ட போட்டு, பேசி முடிச்ச பிறகுதான் டீயே குடுப்போம்!”

“தாஹிராதான் கூப்பிட்ட” என்று அவன் மெல்லச் சொன்னான். தாஹிரா பக்கத்தில் சஹனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் விற்க வந்தவனுக்கே விருந்து வைத்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களை அங்கேதான் பார்த்தேன். இந்த மரியாதை என் நண்பனைப் பிளேனில் ஏற்றி அனுப்பிவிடும் போலிருந்தது.

கொஞ்சநேரம் வாசலில் நடந்தேன். பிறகு ஒரு வழி தோன்றியது. “சரி, நாம வாயத் திறக்க வேணாம். வண்டியே பேசட்டும். நாளைக்கு உங்க வயலுக்குப் போவோம். ஹாஜியாரே ஓட்டட்டும்.”

ஹாஜியாருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. “என்ட சிங்கத்துர வேலய வயல்லதான் பாக்கணும்!” என்றார். வயலைப் பார்க்க வேண்டும் என்று தாஹிராவும் பெரிய சாப்பாட்டுக் கூடையோடு புறப்பட்டார்.

விடியக்காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. சம்மாந்துறை தாண்டியதும் தார் முடிந்து செம்மண், செம்மண் முடிந்து களி. எங்கள் ஊர் மண் சரளை. வழுக்கினாலும் எங்காவது பிடி கொடுக்கும். இந்தக் களி டயரை அணைத்துக்கொண்டு விடவே இல்லை. வழியில் யானை லத்தி கிடந்தது. நான் கண்ணாடியை ஏற்றினேன், மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

தாஹிராவின் வயலுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் குறுக்கே போகிறது. தண்ணீர் முழங்காலளவு, அடியில் சேறு எவ்வளவோ. பாலம் தொலைவில் இருக்கிறது, அதில் ஆள்தான் நடக்கலாம். ஹாஜியார் ஜீப்பை நிறுத்தினார். நாலு சக்கரத்தையும் சேர்க்கும் சின்னக் கம்பை இழுத்து மாட்டினார். “பாத்துக்கங்க தம்பி” என்று சொல்லி, பிஸ்மி சொல்லி, இறக்கினார்.

பாதி வாய்க்காலில் ஜீப் உட்கார்ந்தது. ஹாஜியார் மிதித்தார். எஞ்சின் கர்ஜித்தது. பின் சக்கரங்கள் சேற்றை வாரிப் பின்னால் இருந்த வரம்பு வரைக்கும் வீசின. இன்னும் மிதித்தார், இன்னும் இறங்கியது.

“ஹாஜியார், இறங்கி முன் டயரப் பாருங்க” என்றேன்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் ஓட்டும் இடத்துக்கு மாறி மெல்ல மிதித்தேன். பின் சக்கரங்கள் பேயாகச் சுழன்றன. முன் சக்கரங்கள் அசையவில்லை. இடப்பக்கத்து டயரின் மேல், நடுவாந்திரத்தில், ஒரு தவளை ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் அந்தத் தவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தவளையைப் பார்த்தார்.

“யா அல்லாஹ்! இந்தத் தவளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல்லயே!”

நான் பழைய லுங்கியில் வந்திருந்தேன். மூச்சைப் பிடித்து அடியில் கையை விட்டுத் துழாவினேன். நினைத்தது சரி. முன் அச்சுக்கு வரவேண்டிய தண்டு அங்கே இல்லவே இல்லை. எஞ்சின் மாற்றியவர்கள் சம்புக்கு இடம் காணாமல் அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். கம்பு மட்டும் பழையபடி அசையும், மாட்டும், டக் என்று சத்தமும் கொடுக்கும். ஹாஜியார் இத்தனை காலமும் அந்தச் சத்தத்தை நம்பி ஓட்டியிருக்கிறார். தார் ரோட்டில் யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னால் எனக்குள் ஒரு குதியாட்டம். என் சந்தேகம் சரி, நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் ஜவாஹிரைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவன் கரையில் நின்று போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு சக்கரமும் இழுக்காத ஜீப் இந்தச் சேற்றுக்கு ஆகாது. ஜீப் ஆகாதென்றால் கத்தார்.

உழுதுகொண்டிருந்த மெசின் ஒன்றை, அதாவது டிராக்டரை, கூப்பிட்டு ஜீப்பை வெளியே இழுத்தோம். மருத மரத்தடியில் தாஹிரா பாய் விரித்துச் சோற்றைத் திறந்தார். ஹாஜியார் உட்காரவில்லை. சேறு காயும் கால்களோடு தள்ளி நின்றார்.

“நேத்து உங்கட சஹன்ல தின்ன நான்” என்றார். குரல் பாதியாகிவிட்டிருந்தது. “இந்தக் குறையோட வாகனத்த உங்கட தலையில கட்டிட்டுப் போனா, அந்தச் சோறு எனக்கு ஹலாலா? ஒண்டு, இத நான் திருப்பிக் கொண்டு போறன். இல்லாட்டி என்ட செலவில திருத்தித் தாறன். ரெண்டில ஒண்டச் சொல்லுங்க புள்ள.”

அவர் கேட்டது தாஹிராவிடம். “திருத்தித் தாங்க ஹாஜியார்” என்றார் தாஹிரா, ஒரு நொடியும் யோசிக்காமல். “இப்ப வந்து பிஸ்மி சொல்லித் தின்னுங்க. சோறு ஆறுது.”

சாப்பாடு முடிந்து வரம்பில் நடக்கும்போது தாஹிரா எனக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னார். “நேத்து ஏசினீங்களே காக்கா, சோத்த ஏன் முதல்ல போட்ட எண்டு. ஒரு சஹன்ல திண்டா எங்கட வாய் மட்டுமா கட்டுற? அவர்ட காலும்தானே கட்டுற. சாமான வித்துட்டுப் போறவர நாளைக்கு எங்க தேடிப் பிடிக்கிற? சோறு திண்ட மனிசன் தானா வந்து நிப்பார்.”

நான் வரம்பிலேயே நின்றுவிட்டேன். உத்தரவாதம் என்று எங்கள் ஊர் விற்பனைக்காரர்கள் வாய் கிழியச் சொல்வதை இந்தப் பெண் ஒரு கோழிக்கறியில் சாதித்திருந்தார். கோபத்தில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

அடுத்த நாள் ஹாஜியாரும் ஜவாஹிரும் நானும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆலையடிவேம்புக்குப் போனோம். எஞ்சினை மாற்றிய கராஜ் அங்கேதான். நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று கடலோரமாகவே போனது சாலை. கராஜ் நடத்தும் கிருபா பாஸ் எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் தொழில் தெரிந்தவர்களுக்கு எல்லாம் பாஸ் என்பது பட்டம்.

“ஓம், நான்தான் கழட்டின நான்” என்றார், கேட்டவுடனே. “உங்களுக்கு முன்ன வெச்சிருந்த ஆள் ரவுனுக்குள்ள, தார் ரோட்டில ஓடத்தான் எண்டு சொன்னவர். அப்ப அது தேவையில்ல எண்டு கழட்டியாச்சு. அவர் உங்களிட்டச் சொல்லல்லயா?”

“சொல்லல்ல!” என்று ஹாஜியார் முழங்கினார்.

“நீங்களும் என்னட்டக் கேக்கல்லயே ஹாஜியார்.”

இருவரும் கொஞ்சநேரம் சண்டை போட்டார்கள். சத்தத்தைக் கேட்டு நான் பயந்தேன். பார்த்தால் இருவரும் பழைய சிநேகிதர்கள். சண்டை நடுவிலேயே தேத்தண்ணி வந்தது, குடித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். கழற்றிய தண்டு எங்கே என்று நான் கேட்டேன். கிருபா பாஸ் தலைக்கு மேல் கையைக் காட்டினார். கராஜ் வாசலில் தகரப் பந்தலின் ஒரு மூலையைத் தாங்கி நின்றது அதுதான். நாங்கள் பந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மரக்கட்டையை மாற்றி நட்டுவிட்டுத் தண்டை உருவினோம். வளையாமல் இருந்தது, புண்ணியம்.

“எஞ்சின மாத்தினா அதோட முடியாது தம்பி” என்று கிருபா பாஸ் சொன்னார். “பக்கத்தில இரிக்கிற எல்லாத்திட்டயும் சம்மதம் கேக்கணும். ஸ்பிரிங்கிட்ட, ரேடியேட்டரிட்ட, கியர்ப் பெட்டியிட்ட. இங்க ஒருத்தரிட்ட மட்டும் கேக்காம விட்டுப்போச்சு.” போடியில் எங்கள் மெக்கானிக் இதையே கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்வார். சம்பின் ஒரு பக்கத்தை வெட்டி ஒட்ட வேண்டும், எஞ்சின் தாங்கியைச் சற்று உயர்த்த வேண்டும், முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று நானும் அவரும் அடியில் படுத்துக்கொண்டே பேசி முடித்தோம். அன்று எனக்கு வெள்ளைச் சாரம் இல்லை.

ஒட்டுவேலை நடக்கும் நேரத்தில் பக்கத்து ஊரான திருக்கோவிலுக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தேன். கடல் சத்தம் சந்நிதிக்குள்ளேயே கேட்டது. கல்முனை ஜவாஹிருக்கு ஒரு ஜீப் அமைய வேண்டும் என்று போடிக்காரன் வந்து வேண்டியது முருகனுக்குப் புதிதாக இருந்திருக்கும். திரும்பி வர நின்ற பஸ் என் கண் முன்னாலேயே போய்விட்டது. ஒரு மீன் லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்ததில் என்னைப் பார்த்ததும் ஹாஜியார் மூக்கைப் பொத்தினார்.

“தம்பி கோயிலுக்குப் போனாரா, கடலுக்குப் போனாரா?”

வேலை மறுநாளும் இழுத்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் மழை மறுபடி பெய்துகொண்டிருந்தது. ஜவாஹிர் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரத்தின் கடைசி நாளும் அதுவே. அவன் வண்டியை எடுத்தான். வயலுக்குப் போக ஹாஜியாரும் தாஹிராவும் நானும் ஏறினோம்.

வாய்க்காலில் தண்ணீர் முன்னைவிட ஏறியிருந்தது. அதுவும் போதாதென்று நடுவில் ஏற்கனவே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சில்லு மெசினில், அதாவது இரண்டு சக்கர டிராக்டரில், இழுவைப் பெட்டி பூட்டி மூட்டைகளை ஏற்றி வந்தவர், பெட்டியோடு சேற்றில் இறங்கிவிட்டார். மூட்டைகளில் இருந்தது முளைகட்டிய விதைநெல். முளை விட்ட நெல் காத்திருக்காது. அன்றே விதைக்காவிட்டால் அழுகிப்போகும், ஒரு போகமே போய்விடும். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெட்டியைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், “தம்பிமாரே, ஒருக்கா இழுத்து விடுங்களன்!” என்று கத்தினார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் ஜவாஹிரைப் பார்த்தேன். அவன் சின்னக் கம்பை இழுத்து மாட்டினான். அதே டக் சத்தம்தான் கேட்டது, ஆனால் இந்த முறை எனக்குக் கால் விரல் வரைக்கும் அந்த அதிர்வு தெரிந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு நான் தண்ணீரில் குதித்தேன். ஜீப் என்னையும் மெசின்காரரையும் கடந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒரு கணம் நின்றது. அப்போது முன் சக்கரங்கள் இரண்டும் களியைக் கவ்வின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவை சேற்றைப் பிய்த்துக்கொண்டு சுழன்றன. ஜீப் மூக்கைத் தூக்கி எதிர்க்கரை ஏறியது. மெசினையும் ஜீப்பையும் நான் கயிற்றால் பூட்டியதும் அது விறைத்தது. இரண்டு சில்லு மெசினும் பெட்டியும் முளைநெல்லும் அவரும் ஒரே இழுப்பில் தண்ணீரை விட்டு வெளியே வந்தார்கள்.

நான் விசிலடித்தேன். ஹாஜியார் இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி அல்ஹம்துலில்லாஹ் என்று போட்ட சத்தத்தில் தூரத்து வயலில் கொக்குகள் எழும்பின. தாஹிரா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர்தான் என்று சொன்னார், நான் நம்பவில்லை. விதைநெல்காரர் ஓடிவந்து ஜீப்பின் மூக்கைத் தட்டினார். “தம்பி, அங்கால வட்டையில இன்னும் மூண்டு பேர்ர நெல் வீட்டில முளச்சுக் கிடக்கு. பெட்டி இனி இதால வராது. கொண்டு வந்து தாறயா? ஹயர் எவ்வளவெண்டு சொல்லு” என்றார்.

ஜவாஹிர் பதில் சொல்ல வாய் திறந்தபோது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கத்தார் கம்பெனி. எங்கள் பழைய மேலாளர், தமிழ் நன்றாகப் பேசும் மலையாளி. என்னப்பா முடிவு என்று அவர் கேட்டது எஞ்சின் சத்தத்தையும் மீறி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஜவாஹிர் எஞ்சினை அணைக்கவில்லை. சேறு படிந்த கையால் போனைக் காதில் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியை அடுத்த மூட்டைகளுக்காகத் திருப்பியபடி, அவருக்குச் சொன்னான்:

“சேர், இப்ப கதைக்க ஏலா. நான் வேலையில நிக்கன்.”